லௌரிஸின் காது

ரொறொன்ரோவுக்கு வரும் தமிழர்கள் கலியாணவீட்டுக்கு வருவார்கள், செத்தவீட்டுக்கு வருவார்கள், பேரப்பிள்ளை பார்க்க வருவார்கள். நான் ஒரு கொப்பி பார்க்க வந்தேன். டென்மார்க்கில், யூலாந்தின் மேற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயலின் வாசித்த ஒருவர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் தன் கையால் எழுதிய இசைக் கொப்பி. இதைக் குடிவரவு அதிகாரிக்கு விளங்கப்படுத்த எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

"வந்த நோக்கம்?"

"பழைய டேனிஷ் நடன இசை."

அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார். டேனிஷ் கடவுச்சீட்டு, அதற்குள் ஒரு வரியில் அடங்காத தமிழ்ப் பெயர். பிறகு தோளில் தொங்கிய வயலின் பெட்டியைப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்டார்.

"இரண்டாம் வயலின் மட்டும்தான்," என்றேன். அது குற்றத்தின் அளவைக் குறைத்திருக்க வேண்டும். முத்திரை குத்தி விட்டுவிட்டார்.

இரண்டாம் வயலின் என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டென்மார்க் கிராமங்களில் கலியாணத்துக்கும் அறுவடை விருந்துக்கும் வயலின்காரர் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் மெட்டை வாசிப்பார். மற்றவர் அதற்குக் கீழே இரண்டு தந்திகளை ஒன்றாக இழுத்துத் தாளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். ஆடுகிறவர்களின் காது முதலாமவரைக் கேட்கும், கால் இரண்டாமவரைக் கேட்கும். கைதட்டு முழுக்க முதலாமவருக்குத்தான். நான் அகதியாகப் போய்ச் சேர்ந்த வருடம், எனக்கு மொழி படிப்பித்த மனிதர் கேக் கிடைக்கும் என்று சொல்லி என்னை ஊர் நடனக் குழுவின் ஒத்திகைக்குக் கூட்டிப்போனார். அங்கே இரண்டாம் வயலினுக்கு ஆள் குறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் ஒரு ஆர்மோனியத்தைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் கையில் வில்லைத் தந்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகப் பகலில் தளபாடத் தொழிற்சாலை, செவ்வாய் மாலையில் இரண்டாம் வயலின் என்று காலம் ஓடிவிட்டது.

எங்கள் ஊர் ஆவணக் காப்பகத்தில் ஆனஸ் என்ற முதலாம் வயலின்காரரின் கொப்பி ஒன்று இருக்கிறது. வால்ஸ், பொல்கா, ஹொப்ஸா என்று நடனங்களுக்கான மெட்டுகள். மெட்டுகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். நாங்கள் இன்றைக்கும் அதிலிருந்துதான் வாசிக்கிறோம். ஆனஸுடன் சோடியாக வாசித்தவர் லௌரிஸ். அவருடைய கொப்பி தொலைந்து போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். போன மாரியில் கனடாவிலிருந்து இங்கர் என்ற பெண் எங்கள் குழுவுக்குக் கடிதம் போட்டார். லௌரிஸ் அவருடைய பாட்டனாரின் தகப்பன். கொப்பி தன்னிடம் இருக்கிறது, வீட்டை விற்றுவிட்டுச் சின்ன இடத்துக்குப் போகிறேன், யாராவது வந்து என் முன்னால் வாசித்துக் காட்டினால் தருவேன், இல்லாவிட்டால் குப்பைக்குள் போகும் என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி. 'அவர் படுமோசமான வாத்தியக்காரர் என்கிறார்கள். உண்மை எனக்குத் தெரிய வேண்டும்.'

"உனக்கு ரொறொன்ரோவில் சொந்தக்காரர் இருப்பார்கள்தானே," என்றார் எங்கள் குழுத் தலைவர். தமிழர் எல்லோருக்கும் அங்கே யாராவது இருப்பார்கள் என்பது டென்மார்க்காருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு இருந்தவள் சித்தப்பாவின் மகள் நளாயினி. தலைவர் ஆனஸின் மெட்டுகளைத் தன் வயலினில் வாசித்து என் கைபேசியில் பதிந்து தந்தார். அதனோடு சேர்த்து லௌரிஸின் பகுதியை நான் வாசித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் நளாயினி வந்து நின்றாள். வெளியே மைனஸ் பதினெட்டு. டென்மார்க்கின் குளிர் ஈரமானது, உடுப்புக்குள் மெல்லப் புகும். இந்தக் குளிர் நேரே மூக்கில் குத்துகிறது.

"அண்ணை, உந்தச் சப்பாத்தோட இஞ்ச காலம் தள்ளேலாது," என்றாள் காருக்குள். "நாளைக்கு ஒரு பூட்ஸ் எடுப்பம்."

"ஐந்து நாளுக்கு என்னத்துக்குப் பூட்ஸ்?"

"நீங்கள் கதைக்கிறது அச்சொட்டா எங்கட அப்பா கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

நளாயினிக்கு ஐம்பது வயது. வார நாட்களில் பல்வைத்தியர் ஒருவரின் முன்மேசையில் வேலை. சனிக்கிழமைகளில் மல்வேர்னில் தன் ரவுண்ஹவுஸ் வீட்டின் நிலக்கீழ் அறையில் கர்நாடக வயலின் வகுப்பு. கணவர் அமெரிக்காவுக்குள் லொறி ஓட்டிக்கொண்டு போயிருந்தார், அடுத்த கிழமைதான் திரும்புவார் என்றாள். சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டு முடித்து நான் என் வயலின் பெட்டியைத் திறந்தேன். நாலு தந்தியும் தொங்கிப்போயிருந்தன. தந்திகளைத் தாங்கும் குதிரை படுத்துக்கிடந்தது. உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. விமானத்தின் வறட்சியோ, பெட்டியை நான் இடித்த இடியோ தெரியாது.

நளாயினி வயலினைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். "உள்ளுக்க நிக்கிற கட்டை விழுந்திட்டுது அண்ணை. கடையில குடுத்தா ஒரு கிழமை எண்டுவாங்கள். கீழ வகுப்பு வயலின் கிடக்கு, அதில ஒண்டை எடுங்கோ."

புதன்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு கீழே இறங்கி ஒரு வயலினை எடுத்தேன். அதன் தந்திகள் அவளுடைய முறைப்படி கூட்டப்பட்டிருந்தன. தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் திருகி என் முறைக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. அதை ஒரு பெரிய விடயமாக நான் எண்ணவில்லை.

வியாழக்கிழமை ஸ்ரௌவ்விலுக்குப் புறப்பட்டேன். இங்கர் அங்கேதான் இருந்தார். டென்மார்க்கில் பஸ் நிமிடம் பிசகாமல் வரும், ஏறியவர்கள் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். இங்கே பஸ் தன் பாட்டில் வருகிறது, ஆனால் இறங்கும்போது எல்லோரும் சாரதிக்கு நன்றி சொல்கிறார்கள். இரண்டு பஸ் மாறினேன். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி, சாரதிக்கு நன்றியும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடைதான். ஒரே அச்சில் வார்த்தமாதிரியான புது வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு கார், நடைபாதையில் என்னைத் தவிர ஒரு குருவி இல்லை. உப்புப் போட்டு உருகிய பனி சப்பாத்துக்குள் ஏறி, நான் எடுக்க மறுத்த பூட்ஸை ஒவ்வொரு அடியிலும் நினைவுபடுத்தியது.

இருபத்தேழாம் இலக்கம் என்று நினைத்து மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண். கையில் அகப்பை. வயலின் பெட்டியைப் பார்த்ததும், "ஐயோ சேர், பிள்ளைக்கு வகுப்பு நாளைக்கெல்லோ?" என்றார்.

நான் சேர் இல்லை, இங்கரைத் தேடி வந்தவன் என்று சொன்னேன்.

"அது பக்கத்து வீடு. வெள்ளைக்கார அம்மா. நல்ல மனிசி, பொங்கலுக்குப் பொங்கல் குடுத்தனான், திருப்பிக் கேக் செய்து தந்தவ." பிறகு என் காலைப் பார்த்தார். "உப்பிடியே போகப்போறியளே? நில்லுங்கோ." உள்ளே போய்த் காலில் போடத் தன் கணவரின் காய்ந்த சோடி மேசு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பெயர்கூடக் கேட்காத ஒரு வீட்டு வாசலில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றி மேசு மாற்றினேன். டென்மார்க்கில் எனக்கு இப்படி நடக்க முதலில் பத்து வருடப் பழக்கம் வேண்டும்.

இங்கர் உயரமான பெண். எழுபத்தைந்து இருக்கும். நான் டேனிஷில் வணக்கம் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எங்கள் ஊர் மாடு வளர்ப்பவர்கள் பேசுகிற அதே இழுவையில் நான் பேசுகிறேனாம். ஏழு வயதில் கப்பலேறி வந்தவர் அவர். அவருடைய டேனிஷ் அந்த ஏழு வயதில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது யாரும் சொல்லாத சொற்களை அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். நளாயினி என் தமிழைப் பற்றிச் சொன்னது அந்த நேரம் நினைவுக்கு வந்தது.

வீடு முழுக்கப் பெட்டிகள். திங்கட்கிழமை காலையில் சாமான் ஏற்ற வருகிறார்கள். மேசையில் மட்டும் இடம் விட்டுக் கோப்பி வைத்திருந்தார். யூலாந்தில் எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு முதலில் பாண், பிறகு மென்மையான கேக், கடைசியில் கடினமான பிஸ்கற் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதைத் தாண்டி எழும்ப முடியாது. இங்கர் மூன்றே வகை வைத்துவிட்டு, அடுப்புத் தட்டுகளைக் கட்டிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது கோப்பியின்போது கதையைச் சொன்னார்.

"ஒரு கலியாணத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்களாம். லௌரிஸ் வாசித்தது அவ்வளவு அபஸ்வரம். சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதோடு அவர் வயலினைத் தொடவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா இந்தக் கொப்பியை இங்கே ஒரு சங்கீத ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் இரண்டு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டு, இதை எழுதியவருக்குக் காது இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்."

"பிறகு?"

"பிறகு வீட்டில் யாராவது பிசகாகப் பாடினால் லௌரிஸின் காது என்பார்கள். என் அண்ணன் பாடலாம், அவனுக்கு அம்மாவின் காது. எனக்கு லௌரிஸின் காது. பள்ளிக்கூடத்திலும் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார், இவளைப் பாட வைக்க வேண்டாம் என்று. தேவாலயத்தில் வாயை மட்டும் அசைப்பேன். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அப்படித்தான்."

கடலை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறவர்களின் தொனியில்தான் இதைச் சொன்னார். பிறகு கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். பழுப்புத் தோல் மட்டை, உள்ளே மண்ணிறமாகிவிட்ட மை. லௌரிஸின் கையெழுத்து அழகானது. ஒவ்வொரு குறியும் தன் இடத்தில் நிமிர்ந்து நின்றது.

ஆனஸின் பன்னிரண்டாம் இலக்க வால்ஸைக் கைபேசியில் ஓடவிட்டு, லௌரிஸின் கொப்பியில் அதே இலக்கம் போட்டிருந்த பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தேன். முதல் இழுவையிலேயே பல் கூசியது. மெட்டு ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போனேன். நான் பிழையாக வாசிக்கிறேனோ என்று நிறுத்தி, மெதுவாக, எழுதியது எழுதியபடி திரும்ப வாசித்தேன். இன்னும் மோசம். பதினான்கு, இருபது, முப்பத்தொன்று என்று மாற்றிப் பார்த்தேன். சில பக்கங்கள் தப்பின. பலது அப்படியே சண்டை பிடித்தன.

இங்கர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எப்படி?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். தமிழன் என்ற முறையில் சொல்லியிருக்கத்தான் வேண்டும். யூலாந்தில் இத்தனை வருடம் இருந்த பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "பொருந்தவில்லை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழும்பிப்போய் மிச்சக் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார், என் உறவினருக்கு என்று. "கொப்பியைக் கொண்டுபோய் வடிவாகப் பாருங்கள்," என்றார். "ஞாயிறு திரும்பக் கொண்டுவாருங்கள். ஒன்றுக்கும் உதவாது என்றால் நானே எறிகிறேன். வேறு யாரும் எறியக் கூடாது." கதவைச் சாத்தும்போது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை.

வெள்ளிக்கிழமை தலைவரோடு தொலைபேசியில் கதைத்தேன். "மோசமா?" என்று கேட்டார். "மோசம்," என்றேன். நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டார். எங்கள் பக்கத்தில் பெருமூச்சு ஒரு முழுப் பேச்சுக்குச் சமன். ஒரு பெட்டிக்குள் போட்டுவைக்கலாம், கொண்டுவந்தால் கொண்டுவா என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு நளாயினி ஆட்டுக் கொத்துரொட்டி வாங்கி வந்தாள். ஒருவருக்கு என்று வாங்கிய பொதி, டென்மார்க்கில் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குக் காணும். நான் அரைவாசியோடு நிறுத்திவிட்டேன்.

"என்னண்ணை, உறைப்போ?"

"இல்லை. அந்த மனிசிக்கு உண்மையைச் சொல்லிப்போட்டன்."

"அவ தானே கேட்டவ?"

"கேட்டவதான்."

எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது. நானும் இரண்டாம் வயலின்காரன்தான். முப்பது வருடத்தில் ஒருநாள் நான் வாசிப்பதை நிறுத்தினால் யாராவது கவனிப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். லௌரிஸை முழு ஊரும் கவனித்திருக்கிறது, அதுவும் சிரிப்பதற்காக. நளாயினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பன்னிரண்டாம் இலக்க வால்ஸை முணுமுணுத்தாள். இரண்டு நாளாக என் கைபேசியிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்ததில் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சனிக்கிழமை காலை நிலக்கீழ் அறையில் வகுப்பு. எட்டுப் பிள்ளைகள் சப்பாணி கட்டி நிலத்தில் இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் முட்டக்கொடுத்து வாசித்தார்கள். நிமிர்ந்து நின்று நாடியின் கீழ் வயலினை அமுக்கிப் பழகிய எனக்கு அதைப் பார்க்க இடுப்பு வலித்தது. நளாயினி வகுப்பில் வேறு ஆள். ஒருத்தியை ஒரே வரியைப் பதினொரு தரம் வாசிக்க வைத்தாள். கூட்டிப்போக வந்த தாய் வாசலில் நின்று, "குட் ஜொப், கண்ணா!" என்றார். நளாயினி திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் இல்லை," என்றாள்.

பிள்ளைகள் போய் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அவள் மேலே சமைக்கப் போனாள். நான் கொப்பியை ஒரு கதிரையில் சாய்த்து வைத்து, வியாழக்கிழமை கொண்டுபோன அதே வயலினை எடுத்தேன். ஒழுங்கான வாத்தியக்காரன் எவனும் வயலினை எடுத்தால் முதலில் தந்திகளைத் தட்டிச் சரி பார்ப்பான். யூலாந்திலும் அப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். நான் பார்க்கவில்லை. மனம் வேறெங்கோ இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் கண்ணை வைத்து, எழுதியபடி விரலை வைத்து, வில்லை இழுத்தேன்.

வயலின் முழுவதும் அதிர்ந்தது. நான் தொடாத தந்திகளும் சேர்ந்து பாடின. அடுத்த இழுவை, அதற்கடுத்தது, எதிலும் சண்டை இல்லை. நான் பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

"நிப்பாட்டாதேங்கோ!" மேலேயிருந்து நளாயினியின் குரல் வந்தது. பிறகு அவளும் வந்தாள், கையில் கீரை அகப்பையோடு. படியில் நின்றபடியே பன்னிரண்டாம் இலக்க மெட்டைச் சுரம் போட்டுப் பாடத் தொடங்கினாள். நான் கீழே வாசித்தேன். ஒட்டியது. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த இருவரைப்போல அந்த மெட்டும் இந்தக் கொப்பியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போயின.

"இந்த வயலினுக்கு நீ என்ன செய்தனி?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? நீங்கள் குழப்பி வைச்சிருந்தியள். காலமை பிள்ளையள் வர முதல் திருப்பிச் ச-ப-ச-ப கூட்டினனான்."

விடயம் அவ்வளவுதான். நான் பழகிய வயலினில் நாலு தந்தியும் நாலு வேறு சுரத்தில் நிற்கும். நளாயினியின் வயலினில் இரண்டே சுரம்: கீழே ஒரு சட்சமம் பஞ்சமம், மேலே இன்னொரு சட்சமம் பஞ்சமம். லௌரிஸும் தன் வயலினை அப்படித்தான் கூட்டியிருக்கிறார். தந்திகளை மாற்றிக் கூட்டி வாசிக்கும் வழக்கம் வடநாடுகளில் முன்பு இருந்தது என்று நான் கேள்விப்பட்டுத்தான் இருந்தேன். எங்கள் ஊரில் யாரும் செய்வதில்லை. லௌரிஸ் கொப்பியில் எழுதியிருந்தது விரல் வைக்கும் இடங்களை. அந்த இடங்களில் என்ன சுரம் கேட்கும் என்பது தந்தியைக் கூட்டுவதைப் பொறுத்தது. மட்டையைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தேன். மூலையில் நாலு குறிகள், ஒன்றின் மேல் ஒன்றாக: ஏ, ஈ, ஏ, ஈ. சட்சமம் பஞ்சமம் சட்சமம் பஞ்சமம் என்பதை மேற்கத்தைய எழுத்தில் அப்படித்தான் எழுதலாம். சங்கீத ஆசிரியர் பார்த்த மூலை. நானும் வியாழக்கிழமை பார்த்தேன். எதையோ எழுதிப் பழகியிருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அந்தக் கலியாணத்தில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. தந்தி அறுந்து யாருடைய வயலினையோ இரவல் வாங்கினாரோ, பிருடை வழுக்கியதோ, குடித்திருந்தாரோ. கொப்பியில் அதற்குப் பதில் இல்லை. காது இருந்தது என்பது மட்டும் கொப்பியில் இருந்தது.

நளாயினி தன் வயலினை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். "சங்கராபரணம்தானே அண்ணை. மூண்டு மூண்டாப் போகுது, ரூபக தாளத்தில போட்டுப் பிடிக்கலாம்." பிடித்தாள். ஆனால் அவளுக்கு ஒரு சுரத்தில் அசையாமல் நிற்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஆட்டினாள். ஆனஸ் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பின்னேரம் வரை அதை இருபது தரம் வாசித்தோம். கீரை அடுப்பில் கருகிப்போய், சோறும் பருப்பும்தான் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நளாயினியே காரில் கூட்டிப்போனாள். இங்கர் கதவைத் திறந்தபோது என் பின்னால் சேலையோடும் குளிர்க்கோட்டோடும் இன்னொரு வயலின் நிற்பதைப் பார்த்துக் குழம்பினார். "நான் வியாழக்கிழமை பிழையாக வாசித்தேன். பிழை என்னுடையது," என்று மட்டும் சொன்னேன்.

கதிரைகளையும் கட்டி வைத்திருந்தார். ஒன்றுதான் மிச்சம், அதில் இங்கரை இருக்கச் சொன்னோம். நளாயினி கம்பளத்தில் சப்பாணி கட்டினாள். நான் ஒரு பெட்டிமேல் இருந்தேன். பெட்டியில் 'பாத்திரம், உடையக்கூடியது' என்று எழுதியிருந்தது. அவள் கண்ணால் காட்ட, பன்னிரண்டாம் இலக்கம் தொடங்கியது.

நடனக் குழுவில் இருந்து எனக்குப் பழக்கம், நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பேன். முதல் சுற்று முழுக்க இங்கரின் செருப்புகள் அசையவில்லை. இரண்டாவது சுற்றில் வலது குதி மெல்ல எழும்பியது. எழும்பி, தாளத்தின் முதல் அடியில் சரியாக விழுந்தது. பிறகு அது நிற்கவேயில்லை.

வாசித்து முடித்ததும் ஏ, ஈ, ஏ, ஈயைக் காட்டி விளக்கினேன். அவர் விரலால் அந்த நாலு குறிகளையும் கீழிருந்து மேலாகத் தொட்டார். "அப்படியென்றால் அவர் பிழையாக எழுதவில்லை," என்றார்.

"ஒரு இடத்திலும் இல்லை."

இங்கர் அழுதார். சத்தமாக, வெட்கப்படாமல், மேசைத் துணியை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். நளாயினியும் அழுதாள். நான் பிருடைகளைச் சரி பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கொப்பியை மூடி என் மடியில் வைத்தார். "கொண்டுபோங்கள். மற்றதுக்குப் பக்கத்தில் வையுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது." நான் வந்த வேலை அதோடு முடிந்தது. வயலினைப் பெட்டிக்குள் வைக்கப் போனேன்.

"இன்னொரு தரம் வாசிக்க முடியுமா?" என்று கேட்டார்.

வாசித்தோம். பாதியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் வெப்பக் குழாயின் முனகல் என்று நினைத்தேன். இங்கர் பாடிக்கொண்டிருந்தார். வாயை முழுக்கத் திறக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, சொல் இல்லாமல் மெட்டை மட்டும். ஒரு சுரம்கூடச் சரியில்லை. மெட்டு ஏறும் இடத்தில் இறங்கினார், இறங்கும் இடத்தில் நின்றார். நாங்கள் நிறுத்தவில்லை. கடைசி இழுவை முடிந்ததும் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியாக இருந்ததா?" என்று கேட்டார், எல்லோருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில்.

வியாழக்கிழமை நான் சொன்ன உண்மையை இன்னொரு முறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பொய் சொல்லவே முடிவு செய்து வாயைத் திறந்தேன். அதற்குள் நளாயினி முந்திக்கொண்டாள்.

"இன்னும் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "நிமிர்ந்து இருங்கள். முதலில் ஒரு சுரம்தான்."

வில்லை வைத்துச் சட்சமத்தை இழுத்தாள். நீளமாக, ஆட்டாமல். இங்கர் நிமிர்ந்து இருந்து பிடித்துப் பார்த்தார். கீழே விழுந்தது. "மேலே," என்றாள் நளாயினி. மேலே போய்விட்டது. "கொஞ்சம் கீழே. கேளுங்கள், பிறகு பாடுங்கள்." எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. வெளியே யாரோ பனி வழித்துக்கொண்டிருந்தார்கள். நளாயினி ஒரு தரமும் பரவாயில்லை என்று சொல்லவில்லை, முகம் சுளிக்கவுமில்லை, வில்லை எடுக்கவுமில்லை.

பிறகு ஒரு முறை இங்கரின் குரல் வயலினுக்குள் போய்ச் சேர்ந்தது. எது தந்தி, எது தொண்டை என்று பிரிக்க முடியவில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. கண் அகலத் திறந்தது, ஆனால் விடவில்லை. எழுபது வருடமாகச் சேர்ந்து கிடந்த மூச்சு முடியும்வரை அந்த ஒரு சுரத்திலேயே நின்றார்.